கேட் போட்டிருக்கு

அவன் பெரம்பூர் என்று போட்டிருந்தான்.
நான் புரசைவாக்கம் என்று.
யாரும் கேட்காமலே அந்த ஆப்
எழுநூறு மீட்டர் என்று போட்டது.

எழுநூறு மீட்டரில் பெரம்பூர் ஏது, புரசைவாக்கம் ஏது.
எழுநூறு மீட்டரில் இருப்பது
இந்தப் பக்கம் என் ஹவுசிங் போர்டு பிளாக்,
இரண்டு மாவு மில், ஒரு டாஸ்மாக்,
மழைக்கு முன்பே நிரம்பிவிடும் கால்வாய்,
அப்புறம் தண்டவாளம்,
கொருக்குப்பேட்டை கேட்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
அவன்.

பொய் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.
முதலில் வந்தவன் கேட்டான்,
அங்கெல்லாம் வண்டி புக் ஆகுமா.
இரண்டாமவன் கேட்டான்,
படத்தில் காட்டுகிற மாதிரியேவா இருக்கும்?
சிரிக்கிற முகம் மூன்று போட்டிருந்தான்.
மூன்றாமவன் ஒன்றும் கேட்கவில்லை.
காணாமல் போனான்.
அன்றிரவே நான் புரசைவாக்கத்துக்குக் குடிபோனேன்,
வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை.
மரகதவல்லியும் அங்கே மேகி ஆனாள்.
விடியுமுன் வீடு வீடாய்ப் போய்
வெறும் வயிற்று ரத்தம் எடுக்கிற வேலை
ஹெல்த்கேர் ஆனது.

அவன் பெயர் கென்னி.
வேலை லாஜிஸ்டிக்ஸ்.
(கன்னியப்பன். யார்டில் கன்டெய்னர் எண்ணுகிறவன்.
அதெல்லாம் பிறகு.)

பெரம்பூரில் மழையா என்று கேட்டேன்.
லேசாக என்றான்.
என் ஜன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது.
புரசைவாக்கத்தில் என்றான்.
இங்கேயும் லேசாக.

ஒன்பது நாள் இப்படியே போச்சு.
பத்தாம் நாள் ராத்திரி ஒரு வாய்ஸ் நோட்.
சாப்பிட்டீங்களா என்கிற ஒரே வார்த்தை,
அதற்குப் பின்னால்
நீளமாய் ஒரு கூட்ஸ் வண்டியின் ஹாரன்.
அரை நிமிஷம் முன்பு
என் அடுப்படியில் பாத்திரத்தை அதிரவைத்த
அதே ஹாரன்.

எழுதினேன்: ஹாரன் கேட்டுச்சு.

அந்த மூன்று புள்ளிகள்
வந்தன, போயின, வந்தன.
தோசை கருகுகிற நேரம்.
பிறகு: எனக்கும்.

ஞாயிறு ஆறரை, கேட் கிட்ட.
எந்தப் பக்கம் என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போனால், கேட் போட்டிருக்கு.
தண்டையார்பேட்டைக்குப் போகிற எண்ணெய் டேங்கர்கள்,
கருப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக,
அவசரமே இல்லாமல்.
மணலிக் காற்றில் அழுகிய முட்டை வாசம்.
போன் சொன்னது நாற்பது மீட்டர்.
டேங்கருக்கும் டேங்கருக்கும் நடுவே
ஒரு கை அகலத்தில்
அந்தப் பக்கம் தெரிந்து மறைந்தது:
ஒரு ஹெல்மெட்,
பால் கேன்,
குழந்தையின் கால்,
நீலச் சட்டை.
இன்னொரு நீலச் சட்டை.
நீலச் சட்டை என்றுதான் சொல்லியிருந்தான்,
ஊரே போட்டுக்கொண்டு வரும் என்று சொல்லவில்லை.

கேட் ஏறியது.
இரண்டு பக்கமும் ரோட்டை முழுசாக அடைத்து நின்றவர்கள்
ஒருவருக்குள் ஒருவராய்ப் பாய்ந்தார்கள்.
மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ,
தண்ணி லாரி, அதன் டிரைவரின் அம்மா மீது நாலு பேர் சொன்ன வார்த்தை.
துப்பட்டாவை ஒரு ஹேண்டில்பாரிடமிருந்து மீட்டு
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து
மூச்சு வாங்கிப் பார்த்தேன்.

நாற்பது மீட்டர்.

அவன் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தான்.
என் பக்கம்.
பின்னால் மணி அடித்தது,
கேட் இறங்கியது.

நகராதீங்க என்று எழுதினேன்.
நகரல என்றான்.

டீக்கடையில் ஒன்று சொன்னேன்.
கிளாஸைக் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்,
எந்த ஏரியாம்மா, இந்தப் பக்கம் பார்த்ததில்லையே.
பு என்று வாய் குவிந்தது.
தண்டவாளத்தைக் காட்டினேன்.
தோ, எதிர்ப்பக்கம்.

அப்படியா என்று அடுத்த கிளாஸை எடுத்தார்.

வாங்கினால் சூடு,
ஊதினேன்.
பெட்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.